48 வயதில் பெயர் மறக்கிறது, போனைத் தேடுகிறேன்: இது டிமென்ஷியாவா?

கேள்வி: டாக்டர், எனக்கு 48 வயது. கணக்குப் பிரிவில் வேலை. ஒன்றிரண்டு வருடமாக மறதி அதிகமாகிவிட்டது. போனைத் தேடாத நாளே இல்லை. ஒரு அறைக்குள் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் பெயர் மனதில் தங்குவதே இல்லை. அப்பாவுக்கு 71 வயதில் அல்சைமர் வந்தது, இப்போது எங்களையே அடையாளம் தெரியவில்லை. எனக்கும் ஆரம்பித்துவிட்டதோ? ஆனால் சின்ன வயது விஷயங்கள் அப்படியே இருக்கின்றன. 9 வயதில் மாடியிலிருந்து விழுந்து கை உடைந்தபோது, நீலச் சட்டை போட்டிருந்த அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. போன மாதம் அண்ணன், "அன்றைக்கு அப்பா ஊரிலேயே இல்லை, உன்னைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான்" என்று அடித்துச் சொன்னார். அதிலிருந்து மனசே சரியில்லை. தூக்கமும் 5 மணி நேரம்தான், அதுவும் ஒரு அலர்ஜி மாத்திரை போட்டால்தான் வருகிறது. கல்லூரியில் படிக்கும் என் மகளும், எத்தனை முறை படித்தாலும் மறந்துபோகிறது என்கிறாள். எங்கள் இருவருக்கும் ஞாபகசக்தி மாத்திரை ஏதாவது சொல்ல முடியுமா?

பதில்: வணக்கம் அம்மா. கடிதத்தை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவாகச் சொல்ல முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மறதிகளில் ஒன்றுகூட எனக்கு அல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகமாகக் காணப்படும் வகை) போலத் தெரியவில்லை. மறந்ததை எல்லாம் தேதிவாரியாக இல்லாவிட்டாலும் இவ்வளவு கோர்வையாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நோயில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு: மறக்கிறவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்பார், கூட இருக்கிறவர்கள்தான் கவலையோடு அழைத்து வருவார்கள். உண்மையில் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது போனும் இல்லை, பெயர்களும் இல்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, 5 மணி நேரத் தூக்கமும் அந்த மாத்திரையும், அவைதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

போன் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். போனை வைத்த இடத்தை நீங்கள் மறக்கவில்லை, ஏனென்றால் மறப்பதற்கு அங்கே முதலில் எதுவும் பதிவாகியிருக்கவில்லை. ஒரு விஷயம் மூளையில் பதிய வேண்டுமென்றால் அதன்மேல் கொஞ்சமாவது கவனம் விழ வேண்டும், அந்தக் கவனத்துக்கு இடம் ரொம்பக் குறைவு. ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொள்ளக்கூடியவை 7 என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் எழுதியது பிரபலமாகிவிட்டது, பிந்தைய ஆய்வுகள் அதையும் 4 பக்கமாக இறக்கிவிட்டன. அந்த நாலில் அலுவலகத்துக் கணக்கு ஒன்று, அப்பாவின் உடல்நிலை ஒன்று, மகளின் பரீட்சை ஒன்று என்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்போது கை தானாகப் போனை எங்கேயோ வைக்கிறது. மூளையைப் பொறுத்தவரை அப்படியொரு சம்பவமே நடக்கவில்லை.

எத்தனை முறை பார்த்தாலும் கவனம் இல்லையென்றால் பதியாது என்பதற்கு 1979-இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த சோதனை ஒன்று உண்டு. தினமும் கையில் புரளும் ஒரு சென்ட் நாணயத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார்கள். அதிலுள்ள 8 முக்கிய அம்சங்களில் சராசரி ஆளால் சரியான இடத்தில் போட முடிந்தது 3 மட்டும்தான். அவர்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்று யாராவது சொல்வோமா?

அறைக்குள் போய் நிற்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். வாசலைத் தாண்டும்போது மூளை ஒரு காட்சியை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்துகொள்கிறது, முந்தைய காட்சியில் நினைத்தது பின்னால் தள்ளப்படுகிறது. அமெரிக்காவில் ரட்வான்ஸ்கி என்பவரின் குழு கல்லூரி மாணவர்களிடமே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறது, ஆக வயதுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. 

பெயர்கள் கொஞ்சம் வேறு ரகம். பெயருக்கு ஒட்டிக்கொள்ள எதுவும் கிடையாது. ஒரு முகத்தைக் காட்டி, ஒரு சொல்லை ஒரு குழுவிடம் "இது இவருடைய தொழில்" என்றும் இன்னொரு குழுவிடம் அதே சொல்லை "இது இவருடைய பெயர்" என்றும் சொன்னால், தொழில் என்று கேட்டவர்களுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொழில் என்றால் இடம், உடை, வாசனை என்று பத்து விஷயம் கூடவே வரும், பெயர் தனியாக நிற்கும். அறிமுகமான அரை நிமிடத்துக்குள் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள், அது பாதி வேலையைச் செய்துவிடும்.

சரி, பதிந்தபின் அது எங்கே போகிறது? பெரும்பாலோர் மனதில் இருக்கும் படம் பீரோதான். ஒவ்வொரு ஞாபகமும் ஒரு தட்டில் மடித்து வைத்த துணி, வேண்டும்போது எடுக்கலாம், வயதானால் பூட்டு துருப்பிடித்துவிடும். உங்கள் பயமும், அண்ணனோடு வந்த சண்டையும் இந்தப் படத்திலிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்குச் சின்ன வயதிலிருந்தே கடுமையான வலிப்பு. 1953-இல், அவருக்கு 27 வயதானபோது, வலிப்பை நிறுத்துவதற்காக ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கமும் பொட்டுப் பகுதியின் உட்புறத்தில், ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் ஒரு பெரிய பகுதியோடு சேர்த்து, வெட்டி எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008-இல் இறக்கும்வரை அவருக்குப் புதிதாக ஒரு சம்பவமும் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்ச் சில நிமிடத்தில் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அதே மனிதருக்குச் சிறுவயது ஞாபகங்கள் இருந்தன, புத்திக்கூர்மையும் குறையவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு போடச் சொன்னார், சாதாரண ஆளுக்கே திணறுகிற வேலை. மூன்று நாளில் மொலைசன் தேர்ந்துவிட்டார், ஆனால் ஒவ்வொரு முறையும் அது தான் முதன்முதலாகச் செய்கிற வேலை என்றே நினைத்தார். கைக்கு ஞாபகம் இருந்தது, அவருக்கு இல்லை.

மருத்துவம் படித்த எங்களுக்கே இந்த ஒரு மனிதரிடமிருந்து கிடைத்த பாடத்துக்கு ஈடாக வேறொன்று சொல்வது கடினம். ஞாபகம் ஒன்றல்ல, பல. சம்பவங்களைப் பதிக்க ஹிப்போகாம்பஸ் வேண்டும், கைப்பழக்கத்துக்கு அது தேவையில்லை. பதிந்த சம்பவங்கள் காலம் போகப்போக ஹிப்போகாம்பஸை நம்பியிருப்பது குறைந்து, மூளையின் மேற்பரப்பான கார்டெக்ஸ் முழுக்க ஒரு வலைப்பின்னலாகப் பரவிவிடுகின்றன. ஒரு சம்பவத்தின் காட்சி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம், அன்றைய பயம் அமிக்டலா என்ற இன்னொரு இடத்தில் என்று துண்டு துண்டாகத்தான் கிடக்கும்.

அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருப்பது நியூரான்கள் என்ற நரம்பு செல்களுக்கு இடையிலுள்ள சினாப்ஸ் என்ற இணைப்புகள். சேர்ந்து வேலை செய்த இரண்டு நியூரான்களுக்கு நடுவே இணைப்பு பலப்பட்டு, அந்தப் பலம் நீடிக்கவும் செய்கிறது என்பதை பிளிஸ், லோமோ இருவரும் 1973-இல் முயலின் ஹிப்போகாம்பஸில் அளந்து காட்டினார்கள். எரிக் காண்டெல் கடல் நத்தை ஒன்றை வைத்து இன்னும் உள்ளே போனார்: சில நிமிட ஞாபகத்துக்கு இருக்கிற இணைப்பே கொஞ்சம் மாறினால் போதும், நாள்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் நியூரானுக்குள் மரபணுக்கள் இயங்கி, புதுப் புரதம் உருவாகி, புது இணைப்புகளே முளைக்க வேண்டும். அதற்குத்தான் 2000-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. இந்தக் கட்டுமான வேலைக்கு நேரம் வேண்டும், கணிசமான பகுதி தூக்கத்தில் நடக்கிறது. எலி பகலில் நடந்த பாதையை, அது தூங்கும்போது அதே ஹிப்போகாம்பஸ் செல்கள் மறுபடி ஓட்டிப் பார்ப்பதை 1994-இல் வில்சனும் மெக்நாட்டனும் பதிவு செய்திருக்கிறார்கள். தூக்கத்தைக் குறைத்தால் அன்றைய வேலை பாதியில் நின்றுபோகிறது, அடுத்த நாள் கவனமும் குறைகிறது. நீங்கள் இரண்டு பக்கமும் இழக்கிறீர்கள்.

இப்போது அந்த மாத்திரை. பெயரை எழுதவில்லை, ஆனால் தூக்கம் வருகிறது என்றால் அது பெரும்பாலும் பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின், அதாவது குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற ஏதாவது ஒன்றாக இருக்கும். இவை மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கின்றன. புதிய ஞாபகம் பதிவதற்கு வேண்டிய ரசாயனம் அது. வேடிக்கை என்னவென்றால், அல்சைமருக்கு நாங்கள் கொடுக்கும் டோனெபெசில் அதே அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்காகத்தான். மறதிக்குப் பயந்துகொண்டே தினமும் இரவில் எதிர்ப்பக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்! தூக்கத்துக்காக அதைத் தொடர வேண்டாம். உண்மையிலேயே அலர்ஜி இருந்தால் செடிரிசினைவிடக் குறைவாக மூளைக்குள் போகிற பெக்ஸோபெனடின், லோரடடின் போன்றவை இருக்கின்றன, உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை என்று வேறு ஏதாவது பல மாதமாகப் போடுகிறீர்கள் என்றால் அதை மட்டும் திடீரென்று நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கிறேன், நீங்கள் எழுதவில்லை. மாதவிடாய் ஒழுங்கு தப்ப ஆரம்பித்திருக்கிறதா? இரவில் உடம்பு சூடாகி விழிப்பு வருகிறதா? மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிய சில வருடங்களில் சொல் நாக்கு நுனியில் நிற்பது, புதியது தங்காமல் போவது எல்லாம் நிறையப் பெண்களுக்கு உண்டு, பெரும்பாலும் அது அந்தக் கட்டத்தோடு சரியாகிவிடும். பெண்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், மருத்துவர்களும் கேட்பதில்லை, அப்புறம் எல்லோரும் சேர்ந்து டிமென்ஷியாவைப் பற்றிக் கவலைப்படுகிறோம்.

அண்ணன் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம், ஆனால் சட்டையின் நிறம்வரை கண்ணில் நிற்பது அந்த ஞாபகம் சரி என்பதற்கு ஆதாரம் ஆகாது. துண்டுகளாகக் கிடப்பதை ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை புதிதாகக் கோக்கிறது. இடையில் ஓட்டை இருந்தால் பொருத்தமாகத் தோன்றும் எதையாவது வைத்து அடைத்துவிடும். அப்படி அடைத்ததை நமக்குத் தெரியவும் தெரியாது.

1986 ஜனவரி 28-இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரிடம் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள். 11 பேருடைய பதிலில் ஒன்றுகூடப் பழையதோடு ஒத்துப்போகவில்லை. தவறாகச் சொன்னவர்கள் பலர் உறுதியாகவே சொன்னார்கள், அவர்கள் கைப்பட எழுதிய தாளைக் காட்டியபோதும் பழைய ஞாபகம் திரும்பி வரவில்லை. உணர்ச்சி அதிகமான சம்பவத்தில் நடுவிலுள்ள விஷயம், உங்கள் விஷயத்தில் கை உடைந்ததும் யாரோ தூக்கிக்கொண்டு ஓடியதும், நன்றாகவே நிற்கும். யார், என்ன சட்டை என்பது நழுவக்கூடியது.

இன்னும் ஒரு படி மேலே: நினைத்துப் பார்ப்பதே ஞாபகத்தைத் தளர்த்துகிறது. 2000-இல் கரீம் நாடெர், லெடூ முதலானோர் எலிகளுக்கு ஒரு சத்தத்தையும் மின்அதிர்ச்சியையும் சேர்த்துப் பழக்கிவிட்டு, பிறகு அந்தச் சத்தத்தை மறுபடி கேட்கச் செய்து, உடனே அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். பயம் போய்விட்டது. சத்தத்தைக் கேட்கச் செய்யாமல் மருந்தை மட்டும் கொடுத்த எலிகளுக்குப் பயம் அப்படியே இருந்தது. அதாவது எடுத்த ஞாபகத்தைத் திரும்ப வைக்கப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது, அந்த இடைவெளியில் அது மாறலாம். நாற்பது வருடத்தில் நீங்கள் இதை எத்தனை முறை நினைத்திருப்பீர்கள், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்? அப்பா படுத்துவிட்ட பிறகு இன்னும் அதிகமாக நினைத்திருப்பீர்கள்.

இதனால் அண்ணன் சொல்வதுதான் சரி என்று ஆகிவிடாது. அவரும் நாற்பது வருடமாகத் தன் கதையைத் தனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார், அதில் அவர்தான் நாயகன் என்பதையும் கவனியுங்கள். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. பழைய கடிதமோ மருத்துவச் சீட்டோ கிடைத்தால் பாருங்கள், கிடைக்காவிட்டால் இரண்டு கதையும் இருந்துவிட்டுப் போகட்டும். இதை உங்கள் மறதிக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள், இது எல்லா மூளைக்கும் பொது.

அப்படியானால் அல்சைமரில் என்னதான் வித்தியாசம்? இயல்பான மறதி வேகமானதுதான். எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-இல் தன்னையே சோதித்து வெளியிட்ட அளவுகளின்படி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்தால் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது, ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது. போவதெல்லாம் முதலில் போய், மிச்சம் ஒட்டிக்கொள்கிறது. குறிப்பு கொடுத்தால், "ஆமாம் ஆமாம்" என்று வந்துவிடும். அல்சைமரில் ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதியும்தான் ஆரம்பத்திலேயே அடிபடுகின்றன, அதனால் நேற்று நடந்த விசேஷத்தைப் பற்றி எத்தனை குறிப்பு கொடுத்தாலும் அங்கே எதுவும் இருக்காது. அதே கேள்வியை பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பார்கள். பழகிய வழி தப்பும், வழக்கமாகக் கட்டுகிற பில்லைக் கட்டத் தெரியாமல் முழிப்பார்கள். பழைய ஞாபகங்கள் கடைசியாகத்தான் போகும். எனவே, "சின்ன வயது விஷயம் எல்லாம் அப்படியே இருக்கிறதே" என்று நீங்கள் ஆறுதலாக எழுதியது உண்மையில் ஆறுதல் இல்லை, அது ஆரம்பகட்ட நோயாளிகளுக்கும் இருக்கும். என்னிடம் கேட்டால், அலுவலகத்தில் கணக்கு தப்பாமல் வேலை பார்க்கிறீர்கள் என்றால் அதைத்தான் ஆறுதலாக எடுத்துக்கொள்வேன்.

அப்பாவுக்கு 71 வயதில் வந்தது உங்களுக்கான வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது, கட்டாயம் வரும் என்று ஆக்கவில்லை. நாற்பது, ஐம்பது வயதிலேயே குடும்பத்தில் வரிசையாக வந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

மகளுக்கு எந்த மாத்திரையும் வேண்டாம். அவள் திரும்பத் திரும்பப் படிக்கிறாள், அதில்தான் கோளாறு. 2006-இல் ரோடிகர், கார்பிக்கே இருவரும் ஒரு பாடத்தை ஒரு பிரிவினரை மறுபடி படிக்கவும், இன்னொரு பிரிவினரைப் புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் பார்த்தால் மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எழுதியவர்களுக்கு 56 சதவீதம், படித்தவர்களுக்கு 42 சதவீதம். படித்ததை மூடிவிட்டு எழுதச் சொல்லுங்கள், ஒரு நாள் விட்டு, பிறகு நாலு நாள் விட்டு மறுபடி எழுதட்டும். விடிய விடிய விழித்துப் படிப்பதையும் விடச் சொல்லுங்கள்.

ஞாபகசக்தி மாத்திரை என்று விற்பவை பற்றி: அவற்றில் அதிகம் பேசப்பட்ட ஜின்கோ என்ற மூலிகை மருந்தை 75 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரத்துக்கும் அதிகமானோரிடம் பல வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், டிமென்ஷியாவை அது தடுக்கவில்லை என்று 2008-இல் முடிவு வந்தது. பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஆனால் பி12 உண்மையிலேயே குறைந்திருந்தால் பி12 கொடுப்பது நல்ல மருந்து. சைவ உணவுக்காரர்கள், சர்க்கரைக்கு மெட்பார்மினோ அசிடிட்டிக்கு ஓமெபிரசோலோ பல வருடமாக எடுப்பவர்கள் ஆகியோருக்கு அது குறைய வாய்ப்பு அதிகம்.

என்ன செய்யலாம் என்றால், ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். பி12, தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் இவை போதும், உடனே எம்.ஆர்.ஐ. என்று ஓட வேண்டாம். குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இதே மாதிரி மறதியைத் தரும். மனச்சோர்வும் தரும், அப்பாவைப் பார்த்துக்கொள்கிற உங்களுக்கு அது இருக்கிறதா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் அதையும் கவனியுங்கள். லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் சொன்னபடி, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு. காது கேளாமை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை, உடலுழைப்பின்மை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் பார்க்க வேண்டிய வேலை இது, சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது போடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போங்கள், வீட்டிலிருந்து ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள், அவர் சொல்வதும் முக்கியம். மூன்று மாதம் தூக்கத்தைச் சரிசெய்து, அந்த அலர்ஜி மாத்திரையையும் விட்ட பிறகும் மறதி கூடிக்கொண்டே போனாலோ, வேலையில் தவறுகள் வர ஆரம்பித்தாலோ, நரம்பியல் மருத்துவரைப் பார்த்து முறையான ஞாபகச் சோதனை செய்துகொள்ளுங்கள். எப்போதாவது திடீரென்று, ஒரே நாளில், குழப்பமோ பேச்சுக் குழறலோ வந்தால் அது வேறு விஷயம், அப்போது ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.